பருப்புத் தண்ணி

1965ஆம் வருஷம், ஏப்ரல் 22, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிஷம். குப்பனூரை ஒட்டிய எங்கள் ஊரில் வெயில் கொஞ்சமும் இறங்கவில்லை. புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் சேர்வராயன் மலையின் உச்சி தெரியவில்லை. அங்கே கருமேகம் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில்தான் என் சித்தப்பாவின் மனைவியை அவருடைய அப்பா வந்து சேலம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். சேலத்தில் மாறி ஏற்காட்டுக்குப் போக வேண்டும். ஒரு தகரப்பெட்டி, ஒரு துணிமூட்டை, ஒன்பது பாத்திரங்கள். கலியாணத்தின்போது வந்த பாத்திரங்கள் பதினொன்று. இரண்டை என் அத்தை திருப்பித் தரவில்லை. எண்ணியது நான்தான்.

நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், மூன்று மணி பஸ் அன்று பத்து நிமிஷம் தாமதமாக வந்தது.

சித்தி எங்கள் வீட்டில் இருந்தது எண்பத்தாறு நாள், வந்த நாளையும் போன நாளையும் சேர்த்து. அவரை அனுப்பியதற்கான காரணத்தை இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அவர் வைத்த பருப்பு வேகவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் தண்ணீரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒன்று புழங்குகிற தண்ணி. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. அது ஆற்றிலிருந்து வரும். ஆறு என்பது நாங்கள் பெருமைக்குச் சொன்னது. மலையிலிருந்து இறங்கி வரும் அது ஐப்பசி முதல் தை வரை முழங்கால் ஆழம் ஓடும். மாசியில் நூலாக இளைக்கும். பங்குனியில் வெறும் மணல். மணலில் குழி தோண்டினால் தண்ணீர் ஊறும். இன்னொன்று பருப்புத் தண்ணி. மலையடியில் பாறை இடுக்கிலிருந்து கசியும் சுனையில் தினமும் ஒரு குடம் பிடித்து வர வேண்டும். உலையில் பருப்புப் போட அதைத்தான் எடுப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பெயரே பருப்புத் தண்ணி. அதற்குமேல் என்ன கேட்பது?

வீட்டிலிருந்து ஆற்றுக்குழி எண்பத்துமூன்று தப்படி. சுனை அறுநூற்று நாற்பது.

பருப்புத் தண்ணி கொண்டுவருவது என் அக்காவின் வேலையாக இருந்தது. ஆவணியில் அவளுக்குக் கலியாணமாகிப் போனதும் அது எனக்கு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரு மாதம் ஒழுங்காகப் போனேன். ஐப்பசியில் மழை பிடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. சுனை வழிந்து எங்கே போகிறது? ஆற்றுக்கு. அப்படியானால் ஆற்றிலிருப்பதும் சுனைத் தண்ணீர்தானே. அது எண்பத்துமூன்றாவது தப்படிக்குத் தானாக நடந்து வந்திருக்கும்போது, நான் எதற்கு அறுநூற்று நாற்பது நடக்க வேண்டும்? அன்று ஆற்றில் மொண்டேன். அம்மா பருப்பு வைத்தார். வெந்தது. மறுநாளும் வெந்தது. மாசி வரை ஐந்து மாதம் வெந்தது. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? கொஞ்ச நேரம் வேலியோரம் உட்கார்ந்து ஓணான் எண்ணிவிட்டு, நேரம் கடத்தி வீட்டுக்கு வருவேன்.

சித்தி தை மாதம் வந்தார். ஏற்காட்டில் அவருடைய அப்பாவுக்கு மளிகைக் கடை. வாய் நிறையப் பேசுவார், அதைவிட நிறையச் சிரிப்பார். எங்கள் வீட்டில் சிரிப்புக்கு அத்தையின் அனுமதி வேண்டும். அத்தை என்பது என் அப்பாவின் அக்கா. புருஷன் இறந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். சாவிக்கொத்து அவரிடம். அவர் முன்னால் என் அப்பாவே குரலை இறக்கித்தான் பேசுவார்.

நான் எதையும் எண்ணுவதை ஊரே கேலி செய்தது. சித்தி மட்டும் கேலி செய்யவில்லை. "எண்ணுனா மட்டும் போதுமா கண்ணு? எழுதி வெக்கோணும். இல்லீன்னா நாளைக்கு யாரு நம்புவா?" என்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்த முதல் நோட்டு. அதில் எல்லாம் எழுதினேன். கோழி எத்தனை முட்டை, காக்கை எத்தனை, ஒரு சோப்பு எத்தனை நாள்.

பங்குனி முதல் தேதி அடுப்பு சித்தியின் கைக்கு வந்தது. ஆறு நின்று சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த வாரம் வீட்டில் கீரையும் மோரும்தான், பருப்புப் போடவில்லை. இதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன், வேறு பக்கத்தில்.

முதல் நாள் பருப்பு வேகவில்லை. இரண்டு கட்டு விறகு என்று அத்தை கணக்குச் சொல்லும் அளவுக்கு எரித்தும், பருப்பு வாயில் கடுக்கென்றது. புதுப்பெண், பழகட்டும் என்றார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சித்தி ஆப்பசோடா ஒரு சிட்டிகை கேட்டார். அத்தை, "சோடாதான் வேக வெக்கும்னா சோடாவுக்கே தாலி கட்டியிருக்கலாமே அம்மிணி," என்றார். அடுக்களையில் அம்மா சிரிப்பை அடக்கினார். சித்தியும் சிரித்தார். அப்போது அவருக்கு இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது.

"எங்க ஊட்ல கல்லப் போட்டாக்கூட மலர்ந்துரும் கண்ணு," என்று என்னிடம் முணுமுணுத்தார். "இங்க என்னடான்னா பருப்பு கல்லாட்டம் கெடக்குது."

நான் தினமும் எழுதினேன். வேகவில்லை. வேகவில்லை. வேகவில்லை.

சோப்பும் அவர் தலையில் விழுந்தது. மாசியில் ஒன்பது நாள் வந்த சோப்பு பங்குனியில் ஐந்து நாள்தான் வந்தது. நுரையே வரவில்லை, துணியில் தயிர்போல ஏதோ திப்பிதிப்பியாக ஒட்டியது. மலைக்காரி சோப்பைத் தின்கிறாள் என்றார் அத்தை. பதினான்காம் பக்கம் சோப்பு, பதினைந்தாம் பக்கம் பருப்பு. இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்கள். நோட்டை மூடினால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஏப்ரல் முதலில் எனக்கு முழுப் பரீட்சை. நான்கு நாள். விடியற்காலையில் எழுந்து படிக்க வேண்டும் என்று அந்த நாலு நாளும் அம்மாவே சுனைக்குப் போய் வந்தார். முதல் மூன்று நாளும் சித்தி வைத்த பருப்பு வெந்தது. நான் எழுதினேன்: வெந்தது, வெந்தது, வெந்தது. ஓரத்தில் 'பரீட்சை' என்றும் எழுதினேன். சித்தி அந்த மூன்று நாளும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவினார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. நாலாம் நாள் பரிசோதனை என்று சொல்லி அம்மாவைப் பருப்புப் போடச் சொன்னார். அம்மா வைத்தார். வெண்ணெய்போல் குழைந்தது. அத்தை இரண்டு விரலால் ஒரு பருப்பை நசுக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"அதே பருப்பு, அதே சட்டி, அதே அடுப்பு, அதே தண்ணி. கைதான் வேற."

சித்தி வைத்த மூன்று நாளும் வெந்ததே என்று யாராவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம், கையில் நோட்டு இருந்தது. "தப்பித் தவறி வெந்திருக்கும்," என்று அத்தை முன்கூட்டியே அதைத் தள்ளிவிட்டார். பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து குடம் மறுபடி என் கைக்கு வந்தது. பருப்பு மறுபடி கல்லானது.

அதற்கு மறுநாள் காலை நான் குடத்தை இறக்கி வைத்த நேரம், எல்லோரும் அடுக்களையில் இருந்தார்கள். சித்தி அத்தையைப் பார்த்துக் கேட்டார்: "தண்ணியும் அதேதானுங்களா? நானே போயி ஒரு குடம் கொண்டாரட்டுங்களா?"

ஆடி கழிகிற வரை புதுப்பெண் தனியாக மலையடிப் பக்கம் போகக் கூடாது என்பது அத்தையின் சட்டம். "ஊரு சிரிக்கோணுமா?" என்றார்.

சித்தி என் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ சொல்லு சாமி. பருப்புத் தண்ணி எங்க மொண்ட?"

"சுனையிலதானுங்க சித்தி."

அவர் தலை குனிந்தார். கீழே என் காலருகே ஏதோ பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மறுபடியும் மெதுவாகக் கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. எத்தன தப்படி?"

"அறுநூத்தி நாப்பதுங்க."

கேட்ட உடனே சொன்னேன். ஒரு இமைப்புகூட இல்லை. அத்தை கையைத் தட்டினார். "கேட்டுக்கிட்டியா அம்மிணி? எங்க பையன் எதுல வேணாலும் பொய் சொல்லுவான், எண்ணிக்கையில சொல்ல மாட்டான்." அப்பா என் தலையில் கை வைத்தார். அப்பா அப்படிக் கை வைத்தது அதற்கு முன் இரண்டு தடவைதான்.

பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தெரியும். அதற்கும் பருப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தெரியாது. நான் நடக்காததை மறைத்தேன். தண்ணீர் ஒன்றுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து மாதம் வெந்த தண்ணீர். ஆகவே கைதான் சரியில்லை என்று நானும் நம்பினேன். அடுத்த நாளிலிருந்தாவது சுனைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. வெயில்.

ஏப்ரல் 18, ஞாயிறு, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து வீட்டில் சாப்பாடு. பதினேழு இலை. பருப்பு சரளைபோல் கிடந்தது. அப்பாவின் தாய்மாமன் ஒருவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர், பல்லில் நெருடியதை இலையோரம் துப்பிவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்து உரக்கக் கேட்டார்:

"என்ன மாப்ள, மூணு மாசமாச்சு, புதுப்பொண்ணுகிட்ட உன்ற பருப்பு இன்னும் வேகலயாக்கும்?"

பதினாறு பேர் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான் உரக்கச் சிரித்தேன். மறுநாள் நோட்டைப் பார்த்து எத்தனை நாள் வேகவில்லை என்று அவருக்குச் சொல்லவும் தயாராக இருந்தேன். சித்தப்பா பாதி இலையில் எழுந்து போனார். ஒரு பருப்புக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு நாலே நாள். சித்தியின் அப்பாவுக்கு ஆள் போனது. வியாழக்கிழமை வந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பக் கூடாது, ஆகையால் இன்றைக்கே என்று அத்தை முடிவு செய்து வைத்திருந்தார். சித்தியின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க, பருப்புக்காகவா ஒரு பொண்ண..." என்று ஆரம்பித்தார். அத்தை என்னை அழைத்தார்.

"நோட்ட எடுத்தாந்து படி சாமி. நாங்க சொன்னா வீண்பழிம்பாங்க."

நின்றுகொண்டு படித்தேன். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல் நிமிர்ந்து நின்று. பங்குனி ஒன்று முதல் நேற்று வரை முப்பத்தொன்பது நாள். பருப்புப் போட்டது இருபத்தேழு நாள். வெந்தது நாலு. வேகாதது இருபத்துமூன்று. கூட்டல் சரி. ஓரத்தில் எழுதியிருந்த 'பரீட்சை'யை நான் படிக்கவில்லை. அது கணக்கில் சேராது என்று நினைத்தேன்.

சித்தியின் அப்பா நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். எழுத்து நன்றாக இருக்கிறது என்றார். மளிகைக்காரர், கணக்குக்குக் கட்டுப்பட்ட மனிதர். நோட்டைத் திருப்பித் தந்துவிட்டுத் தகரப்பெட்டியைத் தூக்கினார். சித்தி கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது நோட்டைக் கேட்பாரோ என்று பயந்து அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை.

அவர் பஸ் மலையேறியிருக்க வேண்டிய நேரத்தில் மலையில் மழை கொட்டியது. மாலை ஆறரைக்கு ஆறு செந்நிறமாக வந்தது. இரண்டு நாள் ஓடித் தெளிந்தது. மூன்றாம் நாள் நான் கரையோரம் புதுக் குழி பறித்து, அதில் மொண்ட தண்ணீரில் அம்மா பருப்பு வைத்தார். குழைந்தது. அத்தை ஊர் முழுக்கச் சொன்னார்: அவள் வாசலைத் தாண்டினாள், பருப்பு வெந்தது. இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஊரும் வேண்டாம் என்றது.

சேலத்தில் கல்லூரி இரண்டாம் வருஷம் வேதியியல் செய்முறை வகுப்பில், தண்ணீரின் கடினத்தன்மையைச் சோப்புக் கரைசலால் அளக்கச் சொன்னார்கள். ஆளுக்கு இரண்டு தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டு வரலாம். மே மாதத்து விடுமுறைக்கு முன் நான் சுனையில் ஒன்றும் குழியில் ஒன்றும் பிடித்துப் போனேன். சுனைத் தண்ணீர் மூன்று மில்லியில் நுரைத்தது. குழித் தண்ணீருக்குப் பத்து விட்டேன், பதினைந்து விட்டேன், இருபத்தொன்றில்தான் நுரை நின்றது. அடியில் தயிர்போலத் திப்பி. சோப்புத் துணியில் ஒட்டிய அதே திப்பி. பதினான்காம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும் அப்போதுதான் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன.

பிறகு முப்பத்தொரு வருஷம் தண்ணீரைச் சோதித்துத்தான் சம்பளம் வாங்கினேன். ஆகவே இதைச் சுருக்கமாகச் சொல்ல முடியும். மலை மேலே இருக்கும் செம்மண்ணை ஆயிரமாயிரம் வருஷத்து மழை அலசி அலசி, கரையக்கூடியதை எல்லாம் எப்போதோ கொண்டுபோய்விட்டது. அதன் வழியாக இறங்கும் தண்ணீருக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சுனை அந்தத் தண்ணீர். கீழே ஆற்று மணலுக்கடியில் சுக்கான் கல் கிடக்கிறது, சுண்ணாம்பு. மழைக்காலத்தில் தண்ணீர் அதைத் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும். ஆறு நின்றபின் மணலுக்கடியில் ஊர்ந்து ஊர்ந்து வரும்போது, போகிற வழியெல்லாம் கல்லைக் கரைத்துக் குடிக்கும். மேலே வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போகும். அந்தச் சுண்ணாம்பு பருப்பின் உடம்பை இறுக்கிவிடும். பிறகு எவ்வளவு எரித்தாலும் குழையாது. பெரிய மழை ஒன்று வந்தால் எல்லாம் நீர்த்துப் பழையபடி ஆகும். ஒரே ஆறு, ஐப்பசியில் ஒன்று, சித்திரையில் வேறொன்று. யாரும் அதில் எதையும் கலக்கவில்லை. கலந்தது கல்லும் வெயிலும், என் சோம்பலும்.

அந்த விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். அத்தைக்குக் கேட்காமல், மாட்டுக் கொட்டகையில் வைத்து. அப்பா வெகுநேரம் தவிட்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். "இப்பச் சொல்லி யாருக்கு என்ன ஆவப்போவுது?" என்றார். அந்தப் பதில்தான் எனக்கும் வேண்டியிருந்தது. சித்தப்பாவுக்கு மறு கலியாணம் மூன்று தடவை பேசினார்கள், அவர் ஒப்பவில்லை. இன்னும் முப்பத்தெட்டு வருஷம் இருந்தார். சாப்பிடும்போது பருப்பை மட்டும் இலையோரம் ஒதுக்கி வைப்பார். நான் எதிரில் உட்கார மாட்டேன்.

போன மாதம் ஏற்காட்டுக்குப் போனேன். டாக்டர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு மாடிப்படியே ஏறாதே என்றிருந்தார். நான் மலையே ஏறினேன். சித்தி அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. பஸ் நிற்கும் இடத்திலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி. ஆறு மேசை. சித்தியுடைய தம்பியின் மருமகள் பரிமாறினாள். கல்லாவில் சித்தி. தலை முழுக்க வெள்ளை, மூக்குக் கண்ணாடி. என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். முதலில் பருப்பும் நெய்யும். நாக்கில் வைத்ததும் கரைந்தது.

கை கழுவிவிட்டுக் கல்லாவுக்குப் போய் நான் இன்னார் என்று ஆரம்பித்தேன்.

"தெரியுதுங்க," என்றார். "உள்ள வாரப்பவே மேசைய எண்ணுனீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

எங்கள் பக்கத்தில் 'ங்க' என்பது மரியாதை. முன்பின் தெரியாதவருக்கும் அதுதான். கண்ணு என்று அழைத்த வாயிலிருந்து அது வந்தபோது எதற்கென்று எனக்குப் புரிந்தது.

பையிலிருந்து இரண்டு புட்டிகளை எடுத்தேன். ஒன்றில் சுனைத் தண்ணீர், ஒன்றில் குழித் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு சோப்பு. குலுக்கிக் கல்லா மேல் வைத்தேன். ஒன்றில் நுரை நின்றது, ஒன்றில் திப்பி மிதந்தது. நான் குழியில் மொண்டதைச் சொன்னேன். சுக்கான் கல்லைச் சொன்னேன். நோட்டின் ஓரத்தில் 'பரீட்சை' என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். பணம் கொடுக்க வந்தவர்கள் இரண்டு பேர் என் பின்னால் காத்து நின்றார்கள். சித்தி அவர்களிடம் வாங்கிப் போட்டுவிட்டு, மறுபடி என்னைப் பார்த்தார்.

"சுனைக்குப் போற வழி செம்மண்ணுங்க. கலியாணமான மூணாம் நாளு உங்கம்மாகூட ஒருக்காப் போனேன். கூறச்சேலையில ஒட்டுன செவப்பு கடேசி வரைக்கும் போகல. அங்க போயிட்டு வந்தவன் காலு கணுக்கால் மட்டும் செவந்திருக்கோணும். நீங்க கொடத்த எறக்கி வெச்சீங்க. உங்க காலு வெள்ள வெளேருனு, ஆத்து மணலு ஒட்டிட்டு நின்னுச்சு."

"தெரிஞ்சுமா சித்தி..." என்றேன்.

"ரண்டாவது தடவ கேட்டனே. எத்தன தப்படீன்னு."

"அப்பவே எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கலாமே."

"உங்க சித்தப்பாகிட்டச் சொன்னேன். பையன் எண்ணி எழுதி வெச்சிருக்கறான், உன்ன நம்பறதா நோட்ட நம்பறதான்னாரு." கல்லாப்பெட்டியை இழுத்து மூடினார். "நோட்டு நான் வாங்கிக் குடுத்ததுங்க."

அவர் அன்று தலை குனிந்ததை, புதுப்பெண், எல்லோர் முன்னும் பேசிவிட்டோமே என்று வெட்கப்படுகிறார் என்று அறுபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்டது, நான் மாற்றிச் சொல்ல எனக்குக் கொடுத்த இடம் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது இப்போதும் தெரியவில்லை.

கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை. புட்டிகளை ஒரு விரலால் என் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்குங்க. சாப்பாட்டுக் கடைல சோப்புத் தண்ணி ஆவாது. எண்பது ரூபாய்ங்க."

நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். இரண்டு பத்து ரூபாயை ஒவ்வொன்றாக என் கையில் வைத்தார். "எண்ணிப் பாத்துக்குங்க," என்றார்.

எண்ணினேன். சரியாக இருந்தது. இருபது ரூபாய்.